சம்பந்தி வீட்டு தோட்டத்துல மதியச் சாப்பாடு, ஸ்பெயின்ல. என்ன எடுத்துட்டு போறது, எப்படி நடந்துக்கறது?

அம்மாபேட்டை_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நாங்க சேலம் அம்மாபேட்டை. பெரிய பையன் பார்சிலோனால 4 வருஷமா வேலைல இருக்கான், அங்கயே கூட வேலை பாக்கற பொண்ண புடிச்சிருக்குன்னு சொல்லி நாங்களும் போன்ல பேசி பாத்து சரின்னுட்டோம், நல்ல பொண்ணுங்க, வீடியோ கால்ல வந்தா முதல்ல "சாப்டீங்களா"ன்னு தான் கேக்குது, அத மட்டும் சொல்லிக் குடுத்திருக்கான் போல. கல்யாணத் தேதி இன்னும் வெக்கல. இப்ப விசா வந்திருச்சு, பிப்ரவரில நானும் வீட்டுக்காரரும் போறோம், போய் ரெண்டாவது ஞாயித்துக்கிழமையே அந்த பொண்ணு வீட்ல மதியம் சாப்பாட்டுக்கு கூப்ட்டு இருக்காங்க. டவுன்ல இல்ல, வால்ஸ்னு ஒரு ஊராம், அதுக்குப் பக்கத்துல தோட்டத்துல அவங்க தாத்தா காலத்து கல்லு வீடு.

என்ன சமைப்பாங்கன்னு பையன கேட்டா "வெங்காயம் சுட்டு சாப்பிடுவாங்கம்மா, அவ்ளோதான், சும்மா வாங்க"ங்கறான். இத எங்க மாமியார்கிட்ட சொன்னேன், சம்பந்தி வீட்ல முதல் சாப்பாடு சுட்ட வெங்காயமா, அதுக்கு இங்க இருந்து பிளேன் ஏறிப் போகணுமான்னு ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க.

எனக்கு பயம் என்னன்னா நான் 11 வருஷமா சுத்த சைவம், முருகனுக்கு வேண்டிக்கிட்டது, முட்டை கூட கிடையாது. வீட்டுக்காரர் கறி சாப்பிடுவார் ஆனா சர்க்கரை இருக்கு, 1 மணிக்கு தட்டு முன்னாடி உக்காரலைன்னா கை நடுங்கும். அவங்க வீட்ல வைன் தண்ணி மாதிரி குடிப்பாங்களாம், இவரு வாலிபத்துல எப்பவோ தொட்டது, இப்ப நான் விடறதில்ல, அங்க போய் வேண்டாம்னா கோச்சுக்குவாங்களா? கன்னத்துல முத்தம் குடுப்பாங்கன்னு வேற சொல்றாங்க, ஆம்பளைங்களுமா? எனக்கு அத நெனச்சாலே வேர்க்குது. தாம்பாளத்துல வெத்தல பாக்கு பூ பழம் தேங்காய் மஞ்சள் குங்குமம் வெச்சு எடுத்துட்டு போகலாம்னு இருக்கேன், ஏர்போர்ட்ல விடுவாங்களா? போய் வந்தவங்க யாராச்சும் சொல்லுங்க, பையன் சொல்றது எதுவும் காதுல ஏறற மாதிரி இல்ல.

குகை_பையன்:

அம்மா வணக்கம். நானும் நம்மூரு தான், குகை. பார்சிலோனால ரெண்டு வருஷம் மாஸ்டர்ஸ் படிச்சேன், உங்க பையன் சொன்னது பொய் இல்ல ஆனா பாதிக்கு மேல சொல்லாம விட்டுட்டார்.

நீங்க போறது கல்சொட்டாடா. கல்சோட்னு ஒரு வெங்காயம், நம்ம வெங்காயத்தாள் இன்னும் நல்லா தடியா நீளமா இருந்தா எப்படி, அப்படி. ஒரு தடவ வெளஞ்ச வெங்காயத்த எடுத்து திரும்பி நடுவாங்க, அதுல ஒரு வெங்காயத்துக்கு நாலஞ்சு முளை வரும், முளை வளர வளர சுத்தி மண்ண அணைச்சுக்கிட்டே வருவாங்க, வெயில் படாம தண்டு வெள்ளையாவே இருக்கறதுக்கு. நம்ம ஊருல கரும்புக்கும் மஞ்சளுக்கும் மண் அணைப்போம்ல அதே தான், அவங்க பாஷைல மண் அணைக்கறதுக்கு "கல்சார்"னு பேரு, அதுல இருந்து தான் கல்சோட். குளிர்காலத்துல தான் கிடைக்கும், ஜனவரி பிப்ரவரி மார்ச் உச்சம். வால்ஸ் தான் இதுக்கு தலைநகரம், ஜனவரி கடைசி ஞாயிறு அங்க பெரிய திருவிழாவே இருக்கு. அப்பேர்ப்பட்ட ஊருக்காரங்க வீட்ல கூப்ட்டு இருக்காங்கன்னா மாங்காய்க்கு பேர் போன நம்மூர்ல யாராச்சும் சீசன்ல தோப்புக்கே கூட்டிட்டு போய் பறிச்சு குடுக்கறது மாதிரி, மரியாதை தான், பாட்டிகிட்ட சொல்லுங்க.

எப்படி சுடுவாங்கன்னா திராட்சைக் கொடிய கவாத்து பண்ணி கழிச்ச சுள்ளி இருக்கும்ல, அத போட்டு கங்கு ஆகற வரைக்கும் விடாம எரியற ஜுவாலையிலேயே கம்பி வலைல பரத்தி கருக விடுவாங்க. வெளிய கரிக்கட்ட, உள்ள வெண்ணெய். அப்புறம் நியூஸ்பேப்பர்ல சுத்தி கொஞ்ச நேரம் வெப்பாங்க, அந்த புழுக்கத்துல உள்ள இன்னும் வேகும். பரிமாறறது தட்டுல இல்ல, நாட்டு ஓடு இருக்கு பாருங்க, வீட்டுக்கு மேல போடறது, அதுல அடுக்கி கொண்டு வந்து வெப்பாங்க, சூடு போகாம இருக்கும்.

சாப்பிடற விதம் தான் விஷயம். கைல தான்! கத்தி முள்ளு ஒண்ணும் கிடையாது. ஒரு கைல மேல பச்சைத் தாள புடிச்சுக்கிட்டு இன்னொரு கைல கீழ கருகுன தோல புடிச்சு ஒரே இழு, வெள்ளைத் தண்டு மொழு மொழுன்னு வெளிய வரும். பனங்கிழங்கு உரிச்சிருக்கீங்கள்ல, அதே கை வேலை தான். அத சாஸ்ல தொட்டு தலைய நல்லா பின்னாடி சாச்சு மேல இருந்து வாய்க்குள்ள இறக்கணும். சின்ன புள்ளைங்களுக்கு கட்டற மாதிரி எல்லாருக்கும் கழுத்துல பிப் கட்டி விடுவாங்க, சிரிக்காதீங்க, பட்டுப்புடவை கட்டிட்டு போறதா இருந்தா ரெண்டு பிப் கேட்டு வாங்குங்க. கை நகக்கண்ணெல்லாம் கரி. ஆளுக்கு 20 சர்வ சாதாரணமா உள்ள போகும்.

சாஸ் ரொமேஸ்கோ இல்ல சல்விட்சாடான்னு சொல்வாங்க, வறுத்த பாதாம், ஹேசல்நட்டு, சுட்ட தக்காளி, சுட்ட பூண்டு, ஊற வெச்ச ஞோரான்னு உருண்டை வத்தல், ஆலிவ் எண்ணெய், வினிகர். அந்த வத்தல்ல காரம் சுத்தமா கிடையாது, நெறம் மட்டும் தான். நம்ம சட்னி மாதிரி தான், முழுக்க சைவம். சில வீட்ல ரொட்டித் துண்டு வறுத்து சேப்பாங்க, அவ்ளோதான்.

ஆபத்து ரெண்டாவது ரவுண்டுல தான் வரும். வெங்காயம் முடிஞ்ச உடனே அதே அடுப்புல ஆட்டு சாப்ஸ், பூத்திஃபாரான்னு பன்னி சாசேஜ், கூட வெள்ளை மொச்சை மாதிரி ஒரு பயறு வறுத்து வரும். பயறு தானேன்னு எடுத்துறாதீங்க, பல வீட்ல அந்த சாசேஜ் சுட்ட கொழுப்புலயே புரட்டுவாங்க. அப்புறம் அலியோலின்னு பூண்டு எண்ணெய் பசை, முறைப்படி பூண்டும் எண்ணெயும் தான் ஆனா முட்டை போட்டு அடிக்கறவங்களும் உண்டு. கடைசில கிரெமா கத்தலானா இனிப்புல முட்டை மஞ்சக்கரு கண்டிப்பா இருக்கு, நீங்க ஆரஞ்சு எடுத்துக்கோங்க, அந்த சீசன்ல ஆரஞ்சு அப்படி இருக்கும்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். ஸ்பெயின்ல "கார்னே", அதாவது கறி, சாப்பிட மாட்டேன்னு சொன்னா மட்டும் பத்தாது. அவங்க கணக்குல ஹமோன்னு உப்பு போட்டு பதப்படுத்துன பன்னித் தொடை வேற, டூனா மீன் வேற. நான் முதல் மாசம் "வெஜிடேரியன் சாலட்"னு கேட்டு வாங்குனேன், மேல ஒரு கைப்பிடி டூனா. கேட்டா "இது கறி இல்லயே"ங்கறார் கடைக்காரர், நிஜமாவே புரியாம தான் கேட்டார் பாவம். அதனால பையன விட்டு முன்னாடியே ஒவ்வொண்ணா பேர் சொல்லி சொல்ல சொல்லுங்க: கார்னே இல்ல, மீனுக்கு பெஸ்காதோ, அதுவும் இல்ல, ஹமோன் இல்ல, டூனாவுக்கு அதூன், அதுவும் இல்ல, முட்டைக்கு உவேவோ, அதுவும் இல்ல.

முத்தம் பத்தி: கன்னத்தோட கன்னம் லேசா ஒட்டி காத்துல ரெண்டு சத்தம், அவ்ளோதான், பொம்பளைங்களுக்கு பொம்பளைங்களும் ஆம்பளைங்களும், ஆம்பளைக்கு ஆம்பளை பெரும்பாலும் கை குடுப்பாங்க. வேண்டாம்னா நீங்க முந்திக்கிட்டு கை கூப்பி வணக்கம் சொல்லிருங்க, யாரும் தப்பா எடுக்க மாட்டாங்க.

செவ்வாப்பேட்டை_வெள்ளி:

அக்கா வெத்தல மறந்துருங்க. ஐரோப்பாவுக்குள்ள பச்சை இலை, பூ, பழம் எது கொண்டு போனாலும் அதுல பூச்சி நோய் இல்லன்னு பைட்டோசானிட்டரி சர்டிபிகேட் கேப்பாங்க, 2019 டிசம்பர்ல இருந்து அந்த சட்டம். விலக்கு அஞ்சே அஞ்சுக்கு தான், அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, துரியன். ஆக தாம்பாளத்துல தேங்காயும் வாழைப்பழமும் பாஸ், வெத்தல பெயில் 😄 கறிவேப்பிலையும் பெயில். பால்கோவா, நெய் டப்பா, பன்னீர் எதுவும் வேண்டாம், பால் பொருளும் கறியும் சொந்த பையில கூட விட மாட்டாங்க. பார்சிலோனால ராவல்னு ஒரு ஏரியா, பாகிஸ்தான் பங்களாதேஷ் கடைங்க வரிசையா இருக்கும்னு என் மச்சான் சொல்வான், வெத்தல அங்க தேடிப் பாக்க சொல்லுங்க பையன.

பூ அங்கயே வாங்குங்க, ஆனா சாமந்தி மட்டும் வாங்கிறாதீங்க!! அங்க நவம்பர் 1 கல்லறைக்கு வெக்கற பூ அது. நாம சாமிக்கு போடறதுன்னு பாசமா ஒரு கட்டு மஞ்ச சாமந்தி தூக்கிட்டு போனா அவ்ளோதான்.

நம்ம தொழில்ங்கறதுக்காக சொல்லல, பொண்ணுக்கு ஒரு ஜோடி சேலம் கொலுசு எடுத்துட்டு போங்க. முத்து கம்மியா, சத்தம் கம்மியா, மெல்லிசா. கணுக்கால் சுத்தளவு பையன விட்டு நூல் வெச்சு அளந்து அனுப்ப சொல்லுங்க, அளவு தெரியாம வாங்கிட்டு போய் ஏறலைன்னா எல்லார் முன்னாடியும் சங்கடம். பில்ல கைல வெச்சுக்கோங்க, பிளேன்ல போறவங்களுக்கு ஆளுக்கு 430 யூரோ வரைக்கும் பரிசுப் பொருளுக்கு வரி இல்ல.

நியாயம்_கேப்பேன்:

எதுக்கு இவ்ளோ பில்டப்பு. பொண்ணு குடுக்கறவங்க அவங்க, நாம எதுக்கு பயந்து பயந்து கத்துக்கிட்டு போகணும். அவங்க இங்க வரும்போது நம்ம பழக்கம் எல்லாம் படிச்சிட்டா வரப் போறாங்க? சைவம்னா சைவம், சொல்லிட்டு தயிர்சாதம் கட்டிட்டு போங்க.

அம்மாபேட்டை_அம்மா:

தம்பி, அந்த பொண்ணு எங்க வீட்டுக்கு வரும்போது வாசல்ல செருப்ப கழட்டணும்னு தெரிஞ்சு வந்தா எனக்கு எவ்ளோ சந்தோசமா இருக்கும், அதே தானே அவங்களுக்கும். பயம் இல்லப்பா, ஆசை. தயிர்சாதம் யோசன நல்லாத்தான் இருக்கு, ஆனா அவங்க பந்தில உக்காந்துக்கிட்டு நான் டிபன் பாக்ஸ தொறந்தா நல்லாவா இருக்கும்.

குகை தம்பிக்கும் செவ்வாப்பேட்டை தம்பிக்கும் ரொம்ப நன்றி. நூல் அளவு வந்திருச்சு. அவருக்கு சர்க்கரை, அந்த நேர விஷயம் யாரும் சொல்லலியே?

ஏற்காட்டு_மிளகு:

நான் சொல்றேன்ங்க, என் தங்கச்சி தாரகோனால இருக்கா, வால்ஸ்ல இருந்து அரை மணி நேரம் கூட ஆகாது. நான் மேல ஏற்காட்டுல தான், கொஞ்சம் மிளகு காபி வெச்சிருக்கோம். போன வருஷம் ஒன்றரை மாசம் அவகூட இருந்தேன்.

அண்ணன் விஷயம் கவனமா கேளுங்க. அங்க மதியச் சாப்பாடே 2 மணிக்கு மேல தான், தோட்டத்து சாப்பாடுன்னா அடுப்பு பத்த வெக்கறதே ஒரு மணிக்கு தான் இருக்கும். 12 மணிக்கு வர சொல்லியிருந்தா அது சாப்பிடறதுக்கு இல்ல, வெர்மூத்துக்கு, சாப்பாட்டுக்கு முன்னாடி குடிக்கற ஒரு வகை வைன் அது. ஆலிவ் காய், சிப்ஸ் கொறிச்சிக்கிட்டு நின்னுக்கிட்டே பேசுவாங்க. நான் முதல் தடவ காலைல இட்லி ரெண்டோட நிறுத்திட்டு போய் 3 மணி வரைக்கும் ஆலிவ் கொட்டைய எண்ணிக்கிட்டு இருந்தேன். அதனால அண்ணன 11 மணிக்கு கெட்டியா எதாச்சும் சாப்பிட வெச்சு கூட்டிட்டு போங்க, பைல பிஸ்கட்டு, வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம் இருக்கட்டும், மாத்திரை ஊசி நேரம் எப்படி மாத்தறதுன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே உங்க டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, அங்க போய் நீங்களா கூட்டி குறைக்காதீங்க. ராத்திரி சாப்பாடு அவங்களுக்கு 9 மணிக்கு மேல, அதுவும் கணக்குல வெச்சுக்கோங்க.

சாப்பிட்டு முடிச்சதும் கை கழுவிட்டு "அப்ப கிளம்பறோம்"னு எந்திரிச்சிராதீங்க. நம்ம பக்கம் பந்தி முடிஞ்சா எல எடுக்கணும், அங்க அதுக்கப்புறம் தான் ஆரம்பமே. சோப்ரெமேசான்னு பேரே வெச்சிருக்காங்க, மேசைய விட்டு எந்திரிக்காம காபி, பேச்சு, சீட்டு, சண்டை, மறுபடி காபின்னு 6 மணி வரைக்கும் ஓடும். உங்களுக்கு பாஷை தெரியாதுன்னு கவலைப்படாதீங்க, எல்லாரும் ஒரே நேரத்துல பேசறதால தெரிஞ்சவங்களுக்கே புரியாது.

குளிர்: பிப்ரவரில பகல் 13, 14 டிகிரி வரும், வெயில் இருந்தா வெளிய தான் மேசை போடுவாங்க. நம்ம ஏற்காடு மார்கழி காலைல எப்படியோ அப்படி. ஆனா அந்த பழைய கல்லு வீட்டுக்குள்ள போனா வெளிய விட குளிரும். அவங்க வீட்டுக்குள்ள ஷூ கழட்ட மாட்டாங்க, நீங்களும் கழட்டாதீங்க, நான் பழக்க தோசத்துல வாசல்ல கழட்டிட்டு போய் தரை பனிக்கட்டி மாதிரி, அந்த வீட்டு அம்மா பாத்துட்டு ஓடிப் போய் கம்பளிச் செருப்பு கொண்டு வந்து காலுக்கு கிட்ட வெச்சாங்க. புடவைக்கு உள்ள தெர்மல், மேல ஸ்வெட்டர், சாக்ஸ் ஷூ. அழகு போட்டோவுக்கு அஞ்சு நிமிசம் கழட்டிக்கலாம்.

வைன் வேண்டாம்னா யாரும் வற்புறுத்த மாட்டாங்க. மோஸ்தோன்னு திராட்சை ஜூஸ் இருக்கு, போதை கிடையாது, ஆனா அது முழுக்க சர்க்கரை, அண்ணனுக்கு வேண்டாம். தண்ணி டம்ளர வெச்சு "சியர்ஸ்" இடிக்கறது மட்டும் அங்க சகுனம் சரியில்லன்னு சிலர் நினைப்பாங்க, சும்மா தூக்கி காட்டிட்டு வெச்சிருங்க. சாப்பிட ஆரம்பிக்கும்போது "போன் புரோஃபித்", முடிச்சதும் "மொல்ட்டஸ் கிராசியஸ்". அது கத்தலான். அந்த ஊர்க்காரங்ககிட்ட ஸ்பானிஷ்ல பேசறத விட அவங்க பாஷைல ரெண்டு வார்த்த சொன்னா மொகமே மாறும், அது உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும், நாம தமிழாளுங்க.

அம்மாபேட்டை_அம்மா:

போய்ட்டு வந்தாச்சுங்க! சேலம் வந்து மூணு நாள் ஆகுது, துணி இன்னும் தொவைக்கல, அதுக்கு முன்னாடி உங்களுக்கு எழுதிறணும்னு உக்காந்துட்டேன்.

பார்சிலோனால இருந்து கார்ல ஒரு மணி நேரத்துக்கு மேல. போற வழியெல்லாம் திராட்சைத் தோட்டம், எல்லாம் மொட்டையா கட்டை கட்டையா நிக்குது, நடுநடுல பாதாம் மரம் மட்டும் இலையே இல்லாம வெள்ளையும் ரோஸுமா பூத்துக் கிடக்கு. வீடு நெஜமாவே கல்லு. வாசல்லயே அவங்க அம்மா நின்னுக்கிட்டு இருந்தாங்க, நான் கை கூப்பறதுக்குள்ள அவங்க கை கூப்பி வணக்கம் சொல்லிட்டாங்க! பொண்ணு சொல்லிக் குடுத்திருக்கு. அப்புறம் எனக்கு என்ன தோணுச்சோ நானே போய் கட்டிப் புடிச்சிட்டேன், கன்னமும் ஒட்டிருச்சு, ரெண்டு பக்கமும். இதுக்கா ஒரு மாசம் வேர்த்துக்கிட்டு இருந்தேன்னு ஆயிருச்சு.

ஏற்காட்டு அக்கா சொன்ன மாதிரி 11 மணிக்கு இவருக்கு ரெண்டு சப்பாத்தி குடுத்து தான் கூட்டிட்டு போனேன், சாப்பாடு வந்தது 2:40. நல்ல வேளை.

வெங்காயம் சுடறத பக்கத்துல நின்னு பாத்தேன். அவங்க அப்பா தான் சுடறார், பொம்பளைங்க யாரும் அடுப்பு பக்கமே போகல, இது நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு சொல்ல வேண்டிய விஷயம். தீ ஆள் ஒசரத்துக்கு எரியுது, வெங்காயம் கருகுது கருகுது, எனக்கு மனசு கேக்காம "போதும், எடுங்க"ன்னு தமிழ்லயே சொல்லிட்டேன், அவரும் அவர் பாஷைல எதோ சொல்லி இன்னும் ரெண்டு நிமிசம் விட்டார். ஓட்டுல அடுக்கி வந்துச்சு. உரிக்கறது பனங்கிழங்குன்னு குகை தம்பி சொன்னது நூத்துக்கு நூறு, முதல்ல வந்தது கொஞ்சம் அறுந்துருச்சு, மூணாவதுல இருந்து கை பழகிருச்சு. இழுத்தா பளபளன்னு வருது, ஆவி பறக்குது, இனிப்பு. வெங்காயம்னு சொல்லவே முடியாது. 14 சாப்ட்டேன், அவங்க பாட்டி எண்ணிக்கிட்டே இருந்தாங்க, அந்த கரிஞ்ச தோல் குவியல வெச்சு தான் கணக்கு.

ஒரு சறுக்கல். எல்லாம் சொல்லியும் சாலட் தட்டுல மேல டூனா. பொண்ணோட அத்தை ஒருத்தங்க வீட்ல இருந்து செஞ்சு கொண்டு வந்தது, அவங்களுக்கு யாரும் சொல்லல. நான் கவனிக்காம எடுத்து தட்டுல வெச்சுட்டேன், வாய்க்கு போறதுக்குள்ள பையன் பாத்துட்டான். அந்த அம்மா மொகம் சுருங்கிருச்சு, எனக்கு அதுதான் கஷ்டமா இருந்துச்சு. நான் சிரிச்சிட்டு தட்ட இவர் பக்கம் தள்ளி விட்டு வேற தட்டு எடுத்துக்கிட்டேன். ஆனா பயறு எனக்குன்னு தனி சட்டில, வெறும் ஆலிவ் எண்ணெய்ல வதக்கி, மேல மூடி போட்டு, மூடி மேல எதோ எழுதி ஒட்டி வெச்சிருந்தாங்க சம்பந்தியம்மா. பொண்ணு படிச்சு சொல்லுச்சு, "அம்மாவோடது, தொடாதே"ன்னு எழுதியிருக்காம். சாப்பிடவே முடியல கொஞ்ச நேரம்.

இப்ப முக்கியமான கதை. வைனுக்கு அவங்ககிட்ட ஒரு கண்ணாடி ஜாடி இருக்கு, பொர்ரோன்னு பேரு, கெண்டி மாதிரி ஒரு பக்கம் நீட்டமா கூரா மூக்கு. வாய் வெக்கக் கூடாது, மேல தூக்கி அந்த மூக்கு வழியா கம்பி மாதிரி விழறத வாய்ல புடிக்கணும், ஒரே ஜாடி பந்தி பூரா சுத்தி வரும். வர்ற வெளியூர்க்காரங்க எல்லாரும் சட்டைய நனைச்சுக்குவாங்களாம், அத பாத்து சிரிக்கறது தான் அவங்களுக்கு வேடிக்கை. இவர்கிட்ட நீட்டுனாங்க. இவர் வேண்டாம்னு பையன்கிட்ட எதோ சொன்னார், அவன் உள்ள போய் இன்னொரு ஜாடில தண்ணி ரொப்பி கொண்டு வந்தான்.

மனுசன் எந்திரிச்சு நின்னார். ஸ்வெட்டர் கைய மடிச்சார். நம்ம வீட்ல பொறந்ததுல இருந்து சொம்புல அண்ணாந்து குடிச்சு வளந்த ஆளுங்க, எச்சி பண்ணுனா எங்க மாமியார் முதுகுல போடுவாங்க, அந்த பழக்கம். தூக்குனார், ஒரு கை முழுசா நீட்டி, தண்ணி கம்பி மாதிரி இறங்குது, தொண்டை மட்டும் ஏறி எறங்குது, ஒரு சொட்டு கீழ விழல, பாதி ஜாடி காலி. பந்தியே எந்திரிச்சு கை தட்டுது. அவங்க தாத்தாவுக்கு 85 வயசாம், குச்சி ஊன்றிக்கிட்டு எந்திரிச்சு வந்து இவர் தோள்ல தட்டி, அவர் பக்கத்து நாற்காலில உக்கார வெச்சுக்கிட்டார், அப்புறம் சாயந்திரம் வரைக்கும் விடல. ரெண்டு பேரும் என்ன பேசுனாங்கன்னு இன்னி வரைக்கும் எனக்கு தெரியாது, இவருக்கு கத்தலான் தெரியாது, அவருக்கு தமிழ் தெரியாது. நடுல ஒரு தடவ ஜாடில இருந்த நெறம் மாறி இருந்த மாதிரி இருந்துச்சு. நான் அப்ப ஆலிவ் மரத்த பாத்துக்கிட்டு இருந்தேன்.

காபி வந்தப்ப நான் இங்க இருந்து கொண்டு போன தட்டுவடைய எடுத்தேன். வெறுமனே குடுக்க மனசு வரல, உள்ள போய் கேரட்டும் பீட்ரூட்டும் துருவிக்கிட்டு வந்து, சட்னிக்கு எங்க போறது, அந்த மிச்சம் இருந்த பாதாம் சாஸையே ரெண்டு தட்டுவடைக்கு நடுல தடவி, வெங்காயம், எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, நம்மூரு தட்டுவடை செட்டு மாதிரி போட்டுட்டேன். நான் கொண்டு போன பூண்டுப் பொடி ஒரு சிட்டிகை போட்டது தான் தப்பு, சம்பந்திக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு, காரமே பழக்கம் இல்ல. ஆனா விடல, மூணு செட்டு. பாட்டி எனக்கு காரம் இல்லாம போடுன்னு சைகைல சொல்லி வாங்கி சாப்ட்டாங்க. குகை தம்பி, அந்த சாஸு தட்டுவடைக்கு அப்படி ஒட்டுதுப்பா, பார்சிலோனா கடைல ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வந்துட்டேன், நம்ம தெரு முனை செட்டுக் கடைக்காரர்கிட்ட குடுத்து போட சொல்லிப் பாக்கணும்.

கொலுசு கச்சிதம். பொண்ணு அங்கயே போட்டுக்கிட்டு கல்லுத் தரைல நடந்து நடந்து சத்தம் கேட்டுச்சு. வெத்தல ராவல்ல கிடைச்சுதுங்க, வாடி இருந்துச்சு ஆனா வெத்தல தான். தேங்காய்க்கு தான் அவங்க வீட்ல ஒரே ஆச்சர்யம், தாத்தா அத கைல வெச்சு ஆட்டி ஆட்டி காதுகிட்ட கேட்டுக்கிட்டே இருந்தார்.

கிளம்பும்போது மணி 7. வால்ஸ்ல மனுசங்க ஒருத்தர் தோள் மேல ஒருத்தர் ஏறி நிக்கற கோபுரம் இருக்காம், யுனெஸ்கோ பட்டியல்ல எல்லாம் இருக்காம், அடுத்த தடவ கோடைல வாங்க காட்டறோம்னாங்க. அதுக்கு முன்னாடி அவங்க ஏழு பேரு ஆகஸ்ட்ல இங்க வர்றாங்களாம், தாத்தாவும் சேத்து. இவரு "ஏற்காட்டுக்கு கூட்டிட்டு போறேன், தோட்டத்துல சாப்பாடு போடறேன்"னு தாத்தாகிட்ட வாக்கு குடுத்துட்டார். எங்களுக்கு எங்க இருக்கு தோட்டம்?

குகை_பையன்:

அம்மா 14 எல்லாம் முதல் தடவைக்கு ரெக்கார்டு. நான் 9ல நிறுத்திட்டேன். செட்டுக் கடைக்கு போறப்ப சொல்லுங்க நானும் வர்றேன்.

நியாயம்_கேப்பேன்:

அண்ணாந்து குடிச்ச வீடியோ இருக்கா? 🙏

அம்மாபேட்டை_அம்மா:

இருக்கு தம்பி, ஆனா அதுல ரெண்டாவது ஜாடியும் தெரியுது, அதனால போட மாட்டேன்.

ஏற்காட்டு_மிளகு:

தோட்டம் எங்களது இருக்கு, ஏழு பேரு என்ன எழுவது பேருக்கு மேசை போடலாம். ஆனா ஆகஸ்ட்ல மேல மழை புடிச்சிக்கும், காபிச் செடிக்குள்ள அட்டை வேற இருக்கும், தாத்தாவுக்கு நல்ல பிடிப்பு இருக்கற ஷூவும் ஸ்வெட்டரும் எடுத்துட்டு வர சொல்லுங்க, இந்தியான்னா வெயிலுன்னு நெனச்சு பனியனோட வந்து நிப்பாங்க. சமையலுக்கு மிளகு நான் பாத்துக்கறேன், எவ்ளோ போடணும்னு மட்டும் நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க.